தடுப்பை ஏலத்தில் எடுக்க முடியுமா?

பொங்கலை ஒட்டி மின்னொளிக் கபடி நடக்காத வட்டாரம் தமிழ்நாட்டில் குறைவு. திருவண்ணாமலை மாவட்டமும் அதற்கு விலக்கல்ல. ஆகவே ஆட்டத்தின் நெளிவு சுளிவுகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் பேச வந்தது ஆட்டத்துக்கு முந்திய வேலையைப் பற்றி: யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, யாரை எத்தனை வருடம் வைத்துக்கொள்வது என்ற கணக்கு. ஊர்ப் போட்டிகளில் இந்தக் கணக்கு நோட்டீசிலேயே தொடங்கிவிடும். எடை வரம்பு ஒரு வரி, நுழைவுக் கட்டணம் ஒரு வரி, ‘வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. அந்த மூன்றாவது வரியை மீறாத அணி இல்லை, அதை வைத்து நடக்காத சண்டையும் இல்லை. நன்றாகப் பாடிப் போகும் ஒரு பையனை இரண்டு ஊர் தங்கள் பையன் என்று சொல்லும். ஆக, வீரரைப் பிடிப்பது, விடுவது, கைமாற்றுவது எல்லாம் தொலைக்காட்சி வந்த பிறகு முளைத்த பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தொலைக்காட்சி அதற்கு ஒரு மேடையும் ஒரு விலைப்பட்டியலும் கொடுத்தது, அவ்வளவுதான்.

அந்த மேடைக்கு முன்பு கபடி வீரரின் விலை ரூபாயில் சொல்லப்படவில்லை, வேலையில் சொல்லப்பட்டது. ரயில்வே, காவல் துறை, மின்வாரியம், வங்கிகள் என்று ஒவ்வொன்றும் அணி வைத்திருந்தது. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த மணத்தி கணேசன், தமிழ்நாடு மின்வாரிய அணியின் வழியாக வளர்ந்தவர். அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு; சிபாரிசு, காத்திருப்பு, துறைக்குள் அரசியல் எல்லாமே இருந்தன. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். வேலையில் சேர்ந்தவர் பத்து வருடம் அதே அணியில், பெரும்பாலும் அதே ஆட்களோடு ஆடினார். இடது மூலையில் நின்றவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் மூச்சே தெரியும். 2014 ஜூலையில் புரோ கபடி லீக் வந்தபோது இந்த நிலை ஒரே இரவில் மாறியது. முதல் ஏலத்தில் பாட்னா பைரேட்ஸ் ராகேஷ் குமாரை 12.80 லட்சத்துக்கு எடுத்தது பெரிய செய்தி. ஒன்பதே ஆண்டுகளில், 2023இல், பவன் செஹ்ராவத்தை தெலுகு டைட்டன்ஸ் 2 கோடியே 60.5 லட்சத்துக்கு எடுத்தது. கபடி ஆடுகிறவர்கள் கோடியைப் பார்த்தார்கள் என்பதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நீண்ட நாள் தாமதமான கூலி அது. நான் கேட்பது வேறு கேள்வி: அந்தக் கோடி கொடுத்த அணிக்கு என்ன கிடைத்தது?

நமக்கு மிக அருகில் இருக்கும் சாட்சி தமிழ் தலைவாஸ். 2017இல், லீக் எட்டு அணியிலிருந்து பன்னிரண்டு அணியாகப் பெருகியபோது சேர்ந்த அணி. சச்சின் டெண்டுல்கரும் உரிமையாளர்களில் ஒருவராக வந்தார். அஜய் தாக்கூர் என்ற தேர்ந்த ரெய்டரை வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். முதல் இரண்டு பருவங்களிலும் தங்கள் பிரிவில் கடைசி இடம். 2019இல், இனிப் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தது போல ஒரு பட்டியல் போட்டார்கள்: அஜய் தாக்கூர், 94 லட்சத்துக்கு ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங். காகிதத்தில் அதைவிடப் பெரிய பெயர்கள் அந்த ஆண்டு வேறு எந்த அணியிலும் இல்லை என்று சொல்லலாம். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம் வந்தது. இதை அதிர்ஷ்டக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. அத்தனை நட்சத்திரங்களில் பலர் முப்பதைத் தாண்டியவர்கள் அல்லது தாண்டப் போகிறவர்கள். சேர்ந்து ஆடிய நாட்களோ குறைவு. புகழின் உச்சியில் இருப்பவரை ஏலத்தில் எடுக்கிறோம் என்றால், பல நேரம் அவருடைய நேற்றைக்கு இன்று பணம் கட்டுகிறோம் என்று பொருள்.

இனி 2022க்கு வாருங்கள். இந்தக் கதையில் இதைவிடத் தெளிவான பரிசோதனை கிடைக்காது. ஒன்பதாவது பருவத்துக்கான ஏலத்தில் தலைவாஸ் அணி பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26.5 லட்சத்துக்கு எடுத்தது. அன்று வரை லீக்கின் மிக உயர்ந்த விலை. முதல் ஆட்டம் குஜராத் ஜயன்ட்ஸோடு. அந்த ஆட்டம் முடியும் முன்பே பவனின் முழங்கால் போனது. பருவமும் அவருக்கு அத்தோடு முடிந்தது. கையிருப்பில் பெரும் பகுதியை விழுங்கிய வீரர் வெளியே உட்கார்ந்திருக்க, அணி என்ன ஆகும் என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் கணித்தார்கள். நடந்தது நேர்மாறு. நரேந்தர் கண்டோலா என்ற புதுப் பையன், ஏலப் பலகை ஏறாமல் ‘புதிய இளம் வீரர்’ என்ற பிரிவில் குறைந்த, நிலையான ஊதியத்துக்கு எடுக்கப்பட்டவர், அந்தப் பருவத்தில் 240க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகளைக் குவித்தார். பின்னால் சாகர் ராட்டி, சாஹில் குலியா, தமிழ்நாட்டின் அபிஷேக் ஆகியோர் கொண்ட தடுப்பு நின்றது. வரலாற்றில் முதல் முறையாக அணி அரையிறுதிக்குப் போய், புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. கோடி கொடுத்தவர் காயத்தில் இருக்க, கிட்டத்தட்ட இலவசமாக வந்தவரும் முந்தைய பருவத்திலிருந்து கூடவே ஆடிய தடுப்பாளர்களும் அணியைத் தூக்கினார்கள். என் வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ரெய்டரை வாங்கலாம். தடுப்பை வாங்க முடியாது, அதை வளர்க்க வேண்டும். ஓர் அணி உயர்வதும் விழுவதும் பெரும்பாலும் தடுப்பில்தான். ஆகவே ஏலத்தையே மையமாக வைத்திருக்கும் லீக், எல்லா அணிக்கும் சமமாகப் பணம் கொடுத்தாலும், பலவீனமான அணிக்கு உண்மையில் தேவையானதைக் கொடுப்பதில்லை. அதற்குத் தேவை காலமும், இளம் வீரர்கள் மீது ஒரு முன்னுரிமையும்.

தடுப்பை ஏன் வாங்க முடியாது என்பதை ஒரு ரெய்டை அருகே போய்ப் பார்த்தால் புரியும். ரெய்டர் இடது மூலைப் பக்கம் சாய்ந்து போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டுகிறார். மூலைக்காரர் அந்தக் கால் காற்றில் இருக்கும் நொடிக்காகக் காத்திருக்கிறார். தரை தொட்ட பிறகு பாய்ந்தால் தாமதம், தொடுவதற்கு முன்பே பாய்ந்தால் ரெய்டர் திரும்பிவிடுவார். கணுக்கால் பிடி விழுந்த அதே கணத்தில் கவர் நிலையில் நிற்பவர் இடுப்பை நோக்கி வர வேண்டும். அவர் அரை நொடி பிந்தினால், பிடித்த மூலைக்காரரையே இழுத்துக்கொண்டு ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். முந்தினால், இரண்டு பேரும் மோதி இரண்டு புள்ளி போகும். இங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, கூப்பிட நேரமும் இல்லை. ஒருவர் தோள் தாழ்வதைப் பார்த்து மற்றவர் கிளம்புகிறார். இந்தப் பழக்கம் ஒரு முகாமில் வருவதில்லை. இரண்டு மூன்று பருவம், தோற்ற ஆட்டங்கள், திட்டு வாங்கிய பயிற்சிகள் எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை வாங்கினால் அவர் வீசும் நான்கு ஓவர் அவரோடு கூடவே வரும். கபடித் தடுப்பாளர் வரும்போது அவருடைய பாதி ஆட்டம் பழைய அணியிலேயே தங்கிவிடுகிறது, ஏனென்றால் அந்தப் பாதி பக்கத்தில் நின்றவருக்குச் சொந்தமானது.

இந்த இடத்தில் கபடி தெரிந்தவர்கள் உடனே ஒரு பெயரைச் சொல்வார்கள்: ஷாத்லு. இரானைச் சேர்ந்த முகமத்ரேசா ஷாத்லுவைப் புனேரி பல்டன் 2023இல் 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்தது, கோப்பையும் வென்றது. அடுத்த ஆண்டு ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரை 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்தது. அவர்களும் கோப்பை வென்றார்கள். அவர் மூலைத் தடுப்பாளர். தடுப்பை வாங்க முடியாது என்கிறீர்களே, இவரை வாங்கினார்களே, வென்றார்களே என்று கேட்டால் அது நியாயமான கேள்வி, என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான கேள்வியும்கூட. ஆனால் அவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தார் என்று பாருங்கள். புனேயில் அஸ்லாம் இனாம்தார், மோஹித் கோயத், சங்கேத் சாவந்த், நம் தமிழ்நாட்டுக்காரரான அபினேஷ் நடராஜன் என்று ஒரு குழு ஏற்கெனவே சேர்ந்து வளர்ந்திருந்தது. ஹரியானாவில் ஜெய்தீப் தஹியா, ராகுல் சேத்பால், மோஹித் நந்தல் எல்லாம் ஏற்கெனவே கூட நின்றவர்கள். அதே அணி 2024 மார்ச் 1 அன்று ஹைதராபாத்தில் இறுதி ஆட்டத்தில் 25-28 என்று புனேயிடம் தோற்றிருந்தது. அதாவது இறுதி வரை வந்துவிட்ட அணி ஒரே ஒரு இடத்தை நிரப்ப ஷாத்லுவை எடுத்தது. சுவர் எழுப்பியவர்கள் வாங்கிய நிலைவாசல் அது. தலைவாஸ் 2019இல் செய்தது நிலைவாசலை மட்டும் வாங்கி வைத்துவிட்டு அதற்குச் சுவர் தேடியது. விலையுயர்ந்த வீரர் பயனற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவர் கடைசியாக வர வேண்டியவர், முதலில் அல்ல என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு மறுப்பும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 2022இல் அரையிறுதி வந்த அணியைத் தலைவாஸ் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டது. 2023 ஏலத்தில் பெரிய கொள்முதல் இல்லை. நான் சொல்லும் முறைப்படி அவர்கள் இன்னும் மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை, அந்தப் பருவத்தில் பிளேஆஃப் எட்டவில்லை. ஆகவே, கூட வைத்திருந்தால் போதும் என்ற எளிய சூத்திரம் எதுவும் இல்லை. எதிரணிகள் நரேந்தரின் ஆட்டத்தை ஒரு வருடம் உட்கார்ந்து படித்திருந்தன. அவருக்குப் பின்னால் அதே தரத்தில் இன்னொரு இளம் ரெய்டர் தயாராக இல்லை. பட்டியல் பராமரிப்பு என்றால் இருப்பதைக் கட்டிக் காப்பது மட்டுமல்ல, ஒவ்வொரு ஆண்டும் இரண்டு மூன்று நாற்றுகளை உள்ளே நடுவதும்தான். ஆனால் எனக்குப் பெரிய பிழையாகத் தெரிவது அதற்கு அடுத்து நடந்தது. ஒரு பருவம் சரிந்ததும் அணி மறுபடி ஏலக்கூடத்துக்கு ஓடியது. 2024இல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம், அந்த ஏலத்தின் உச்ச விலை. மறுபடியும் பிளேஆஃப் இல்லை. 2025இல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1 கோடியே 40.5 லட்சம், கூடவே பழைய பவன் 59.5 லட்சத்துக்குத் திரும்ப வந்தார். பருவம் முடியும் முன்பே அணியும் அவரும் பிரிந்தார்கள். ஓர் ஆண்டு வளர்ப்பு, ஓர் ஆண்டு கொள்முதல், மறுபடி வளர்ப்பு என்று மாறி மாறிப் போனால் இரண்டின் பலனும் கைக்கு வராது.

இதே சிக்கலை நம்மைவிட நீண்ட காலம் ஆற அமர யோசித்த ஓர் ஆட்டம் உலகத்தின் மறுகோடியில் இருக்கிறது. மெல்போர்னில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்த ஆஸ்திரேலிய ஃபுட்பால். முட்டை வடிவ மைதானம், ஒரு பக்கத்துக்கு 18 பேர், கையாலும் காலாலும் ஆடலாம். நம்மில் பெரும்பாலோர் பார்த்திருக்க வாய்ப்பில்லை, பார்க்காவிட்டாலும் இந்தப் பேச்சுக்குப் பாதகமில்லை. 1980களில் அங்கே பணமுள்ள கிளப்புகள் மற்றவர்களின் வீரர்களை அள்ளிக்கொண்டிருந்தன, ஏழைக் கிளப்புகள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தன. 1985இல் சம்பள உச்சவரம்பு வந்தது, 1986இல் டிராஃப்ட் வந்தது. டிராஃப்ட் என்றால் ஏலமல்ல. பதினெட்டு வயது ஆன புதிய வீரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுப்பது. கடைசி இடம் வந்த அணிக்கு முதல் தேர்வு, கோப்பை வென்ற அணிக்கு அந்தச் சுற்றின் கடைசித் தேர்வு. இந்த யோசனையின் மூலம் அமெரிக்கா. அங்கே 1936இல் முதல் முறையாக நடந்தது. அந்த முதல் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை என்பது இந்த ஏற்பாட்டின் தொடக்கத்திலேயே இருக்கும் ஒரு குறும்பு.

ஆஸ்திரேலியர்கள் அந்த அடிப்படையின் மேல் மெல்ல மெல்லப் பல அடுக்கு கட்டினார்கள். தேர்வு உரிமையையே ஒரு பொருளாக மற்ற அணிகளோடு மாற்றிக்கொள்ளலாம்: எனக்கு இந்த முதிர்ந்த வீரரைக் கொடு, என் அடுத்த ஆண்டு முதல் சுற்றுத் தேர்வை எடுத்துக்கொள் என்ற வகையில். ஆனால் ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை அவர் சம்மதமில்லாமல் வேறு கிளப்புக்கு அனுப்ப முடியாது. ஒரே கிளப்பில் எட்டுப் பருவம் இருந்தவருக்கு, சில நிபந்தனைகளோடு, விரும்பிய கிளப்புக்குப் போகும் உரிமை 2012இல் வந்தது. தந்தை ஒரு கிளப்புக்கு நூறு ஆட்டம் ஆடியிருந்தால் மகன் மீது அந்தக் கிளப்புக்கு முன்னுரிமை. கிளப்புகள் சிட்னி, பிரிஸ்பேன் பக்கம் ரக்பி நிலத்தில் சொந்தமாக இளையோர் பயிற்சிக்கூடம் நடத்தினால், அங்கே வளர்ந்தவர் மீது முன்னுரிமை. ஆனால் இலவசமாக அல்ல. வேறொரு அணி தன் தேர்வைக் கொடுத்து அந்தப் பையனைக் கேட்டால், வளர்த்த கிளப் அந்தத் தேர்வின் மதிப்புக்கு இணையாகத் தன் தேர்வுகளை விட்டுக்கொடுத்துத்தான் அவரை வைத்துக்கொள்ள முடியும். ஒவ்வொரு தேர்வுக்கும் மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. சிட்னி ஸ்வான்ஸ் 2014இல் ஐசக் ஹீனியை எடுத்தபோது இந்த அட்டவணை இல்லை; அது அடுத்த ஆண்டுதான் வந்தது. 2023இல் கோல்டு கோஸ்ட் தன் பயிற்சிக்கூடத்திலிருந்து நான்கு பேரை முதல் சுற்றிலேயே எடுத்தபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், அட்டவணையை லீக் இறுக்கியது.

இதை நம் ஏற்பாட்டோடு பொருத்திப் பாருங்கள். புரோ கபடியில் ஒவ்வோர் அணிக்கும் 5 கோடி கையிருப்பு, 18 முதல் 25 பேர் வரை பட்டியல். இந்தச் சமத்துவம் நல்லது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கடைசி இடம் வந்த அணிக்கும் கோப்பை வென்ற அணிக்கும் இந்த ஏற்பாட்டில் வித்தியாசமே இல்லை. மாறாக, வென்ற அணியிடம் வளர்ந்த பட்டியலும் இருக்கும், அதை வைத்துக்கொள்ளும் உரிமையும் இருக்கும். தோற்ற அணியிடம் இருப்பது பணம் மட்டுமே; அதை வைத்து மற்றவர்கள் விட்டுவிட்ட நட்சத்திரங்களை வாங்கலாம். ஆக, பலவீனமான அணியை ஏலமே பெரிய பெயர்களை நோக்கித் தள்ளுகிறது. தலைவாஸின் தவறு அணி நிர்வாகத்துடையது மட்டுமல்ல என்று நான் சொல்வது இதனால்தான். லீக்கிடம் ‘புதிய இளம் வீரர்’ என்ற பிரிவு கையிலேயே இருக்கிறது. அந்தப் பிரிவைப் புள்ளிப்பட்டியலின் தலைகீழ் வரிசையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டாக மாற்றி, தேர்வு உரிமையைக் கைமாற்ற அனுமதித்து, அப்படி வந்தவரை மூன்று பருவம் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு பருவமும் ஊதியம் கட்டாயமாக உயர வேண்டும் என்று எழுதினால் போதும். முதிர்ந்த வீரர்களுக்கு ஏலம் அப்படியே இருக்கட்டும்.

டிராஃப்ட் என்றால் கொத்தடிமைத்தனம் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம், கேட்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையனை நீ இந்த ஊருக்குப் போ என்று சொல்ல யாருக்கு உரிமை? ஏலம் விலையையாவது வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. இதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் 2016இல் தொடங்கியதிலிருந்து டிராஃப்ட் முறையில்தான் வீரர்களைப் பிரித்தது. 2023இல் முதல் முறையாக ஏலம் நடந்தபோது, ஓர் அணிக்கு மொத்தக் கையிருப்பே 70 லட்சம் என்ற நிலையில், சாய் சுதர்சனை லைகா கோவை கிங்ஸ் 21.60 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது ஐ.பி.எல்.லில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்தது 20 லட்சம். மாநில லீக் தேசிய லீக்கைவிடக் கூடுதல் கொடுத்தது! டிராஃப்ட் மறைத்து வைத்திருந்த மதிப்பை ஏலம் ஒரே பகலில் காட்டிவிட்டது. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏலத்திலும் வீரர் தன் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதை மறக்க வேண்டாம். 2010இல் ரவீந்திர ஜடேஜா ஐ.பி.எல். ஒப்பந்த விதியை மீறி வேறு அணிகளோடு நேரடியாகப் பேசினார் என்று ஒரு பருவம் முழுக்கத் தடை செய்யப்பட்டார். அதே ஜடேஜா 2025 நவம்பரில், தன் சம்மதத்தோடு, சாம் கரனுடன் சேர்ந்து ராஜஸ்தானுக்குப் போனார். பதிலுக்குச் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். சுதந்திரத்தைத் தீர்மானிப்பது ஏலமா டிராஃப்டா என்பதல்ல. எத்தனை வருடத்துக்குக் கட்டு, கட்டுக்குள் ஊதியம் எப்படி உயரும், மாற்றும்போது வீரரின் வாய்க்கு இடமுண்டா என்பவைதான். ஆஸ்திரேலியாவில் 2021 டிராஃப்டின் முதல் தேர்வான ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் ஒரே பருவத்தில் நார்த் மெல்போர்னை விட்டுத் தன் சொந்த மாநிலத்தின் போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். கட்டு அவ்வளவு இறுக்கமல்ல.

கடைசி அணிக்கு முதல் தேர்வு என்றால் எல்லோரும் கடைசிக்குப் போட்டி போடுவார்களே என்பது அடுத்த மறுப்பு. இது கற்பனைப் பயமல்ல. மெல்போர்ன் கிளப் 2009இல் வேண்டுமென்றே தோற்றதா என்று நீண்ட விசாரணை நடந்தது. 2013இல் அது நிரூபணமாகவில்லை என்று சொல்லிக்கொண்டே லீக் அந்தக் கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. இதற்கு மருந்து உண்டு: கடைசி மூன்று நான்கு அணிகளுக்குள் குலுக்கல் போடலாம், அமெரிக்கக் கூடைப்பந்தில் 1985 முதல் பிளேஆஃப் எட்டாத அணிகளுக்குள் குலுக்கல் நடக்கிறது. தவிர, நம் ஊர் ரசிகர்கள் வேண்டுமென்றே தோற்கும் அணியைச் சும்மா விடுவார்கள் என்றும் தோன்றவில்லை.

டிராஃப்டும் தவறும் என்பதற்கு ஐ.பி.எல்.லே உதாரணம். 2008இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வென்ற அணியின் வீரர்களுக்கு அங்கே ஒரு டிராஃப்ட் நடந்தது. தேர்வில் முந்திய வாய்ப்பு டெல்லிக்கு. அவர்கள் டெல்லிப் பையனான விராட் கோலியை விட்டுவிட்டுப் பிரதீப் சங்வானை எடுத்தார்கள். கோலி பெங்களூருக்குப் போனார். இதைப் பலர் முட்டாள்தனம் என்று சிரிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேவாக், கம்பீர், தவன், டிவில்லியர்ஸ் என்று மட்டையாளர்கள் நிறைந்த பட்டியலில் இடது கை வேகப்பந்து வீச்சாளர் தேவை என்று நினைத்தது பட்டியல் அறிவுதான். தவறு எங்கே என்றால், முதிர்ந்தவர்களை எடுக்கும்போது இன்றைய தேவையைப் பார்க்கலாம். பதினெட்டு வயதுக்காரரை எடுக்கும்போது பத்து வருடம் கழித்து யார் பெரியவராக நிற்பார் என்று பார்க்க வேண்டும். அதற்குக் கண் வேண்டும். ஏலம் அந்தக் கண்ணைக் கொடுப்பதில்லை என்பதும் வெட்டவெளிச்சம். வருண் சக்கரவர்த்தி 2018இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரைக்கு வீசியதைப் பார்த்து, 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து பஞ்சாப் அவரை 8.40 கோடிக்கு எடுத்தது. ஒரே ஆட்டம் ஆட வைத்து, காயம்பட்டதும் விட்டுவிட்டது. பிறகு கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்து வைத்துக்கொண்டது. அவரைக் கண்டுபிடித்த பெருமை பஞ்சாபுக்கு, பயன் கொல்கத்தாவுக்கு.

அந்தக் கண்ணைப் பற்றிய பேச்சு நம் மாவட்டங்களுக்கு வந்து சேர்கிறது. தமிழ்நாட்டு அணியில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆட வேண்டும் என்று சிலர் உணர்ச்சியோடு கேட்கிறார்கள். அந்த உணர்ச்சி எனக்குப் புரிகிறது, ஆனால் என் வாதம் அதன் மேல் நிற்கவில்லை. அஜய் தாக்கூர் இமாச்சலத்துக்காரர் என்பதால் கைதட்டல் குறையவில்லை. நரேந்தரைக் கொண்டாடியதும் இதே சென்னைதான். நான் சொல்வது வெறும் கணக்கு. ஹரியானாவில் ஒரு பையன் தேறுவான் என்று ஹரியானாக்காரர்கள் நமக்கு இரண்டு வருடம் முன்பே தெரிந்துகொள்வார்கள். நாம் முந்திக்கொள்ளக்கூடிய ஒரே நிலம் நம்முடையது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் மாவட்டம் மாவட்டமாக நடக்கின்றன, பள்ளிகளும் கல்லூரிகளும் கபடி அணி இறக்குகின்றன. அங்கே போய் உட்கார்ந்து மூலையில் நிற்கும் பதினேழு வயதுக்காரர்களின் காலை மட்டும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷும் (புனே அணியின் அபினேஷ் அல்ல) சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகாவும் இருந்தார்கள்; அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. அபினேஷுக்காவது முன்னால் ஒரு லீக் இருக்கிறது. கார்த்திகாவுக்கு என்ன இருக்கிறது? புரோ கபடி 2016இல் மூன்றே அணிகளை வைத்துப் பெண்களுக்கு ஒரு போட்டி நடத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. பெண்களுக்குப் பட்டியலே இல்லாத இடத்தில் பட்டியல் பராமரிப்பைப் பற்றி நான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் அவை கவனிக்கலாம்.

டிராஃப்ட் வரும் வரை தலைவாஸ் காத்திருக்க வேண்டியதில்லை. 25 இடங்களில் ஐந்தாறை இந்த மாநிலத்து இளையோருக்கு என்று ஒதுக்கி, மூன்று பருவம் தொடக்கூடாது என்று உரிமையாளரே கையெழுத்துப் போடலாம். புனேரி பல்டன் தனக்கென்று ஓர் இளையோர் அணியை வளர்த்துத்தான் அஸ்லாமை மேலே கொண்டுவந்தது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. லீக்கின் பக்கம் செய்ய வேண்டியது இன்னொன்று. ஏலத்தில் இப்போது ‘ஃபைனல் பிட் மேட்ச்’ என்று ஓர் அட்டை இருக்கிறது. விட்டுவிட்ட வீரருக்கு மற்றவர் கேட்ட விலையைத் தானே கொடுத்துத் திரும்பப் பெறும் உரிமை. அதே உரிமையை வளர்த்த அணிக்கும் நீட்டலாம்: ஓர் அணி தன் மாநிலத்தில் பயிற்சிக்கூடம் நடத்தி ஒரு பையனை மூன்று வருடம் வளர்த்திருந்தால், அவரை வேறு அணி கேட்கும்போது இணையான மதிப்பைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று. அப்படி ஒரு விதி வந்தால், செங்கத்திலோ ஜமுனாமரத்தூரிலோ ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுப்பது சென்னையில் இருக்கும் அணிக்கு முதல் முறையாகக் கொடையாக இல்லாமல் முதலீடாகத் தெரியும்.